சாண்ட்லியருக்கு எல்.இ.டி. பல்பு: முதலில் ஏணி, கடைசியில்தான் கடை

எங்கள் வீட்டு ஹாலில் எட்டுக் கை சாண்ட்லியர் ஒன்று தொங்குகிறது. அதற்கு எல்.இ.டி. மாற்ற நான் மூன்று முறை பல்பு வாங்கினேன். முதல் செட் ஹோல்டரிலேயே ஏறவில்லை. இரண்டாவது செட் ஏறியது, ஆனால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைக் குறைத்ததும் ஈரமான மத்தாப்பு மாதிரி துடித்தது. மூன்றாவதுதான் நின்றது. அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் வீட்டிலும் எங்கள் அடுக்ககத்திலுமாக ஏழெட்டுப் பேருக்குக் கூடவே நின்று இதைச் செய்து கொடுத்திருக்கிறேன். எல்லோரும் இடறுகிற இடம் ஒன்றுதான்: பல்பை முதலில் வாங்கிவிட்டு, சாண்ட்லியரைப் பிறகு பார்க்கிறார்கள்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். கடை ஒன்பதாவது படியில்தான் வருகிறது.

தனிப் பல்பு இல்லாமல் எல்.இ.டி. பட்டையை உள்ளேயே பதித்து வந்த சாண்ட்லியராக இருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்கு உதவாது. அதில் மாற்ற முடிவது பெரும்பாலும் டிரைவர் மட்டும்தான், அதாவது வீட்டு மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்ன சர்க்யூட். அது எலக்ட்ரீசியன் பார்க்க வேண்டிய வேலை.

1. கையில் என்னென்ன வேண்டும்

உறுதியான மடக்கு ஏணி, மரமாக இருந்தால் நல்லது. அதைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள். டெஸ்டர், ஸ்கேல், உலர்ந்த பருத்தித் துணி, பேப்பர், பேனா, செல்போன். நாற்காலியின் மேல் ஸ்டூல் போட்டு ஏறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாண்ட்லியரின் கையைப் பிடித்துச் சமாளிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அது உங்கள் எடையைத் தாங்கச் செய்ததல்ல.

2. சுவிட்சை மட்டுமல்ல, எம்.சி.பி.யையும் இறக்குங்கள்

எம்.சி.பி. என்பது மெயின் போர்டில் லைனுக்கு ஒன்றாக இருக்கும் சர்க்யூட் பிரேக்கர். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் பழைய வயரிங்கில் சில நேரம் சுவிட்சை, மின்சாரம் வரும் வயரான பேஸில் போடாமல், திரும்பிப் போகும் வயரான நியூட்ரலில் போட்டிருப்பார்கள். அப்போது பல்பு அணைந்திருக்கும், ஹோல்டரில் மின்சாரம் இருக்கும்.

ஸ்க்ரூ ஹோல்டரில் இந்த ஆபத்து இரட்டிப்பு. நடுவில் உள்ள சின்ன நாக்குக்குத்தான் பேஸ் வர வேண்டும். சுற்றியிருக்கும் மரைக்கு நியூட்ரல். வயரை மாற்றிக் கொடுத்திருந்தால் பல்பைத் திருகும்போது உங்கள் விரல் படுகிற அந்த மரையிலேயே ஷாக் இருக்கும். எம்.சி.பி.யை இறக்கிய பிறகு ஹோல்டரில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். அதே டெஸ்டர் வேறொரு உயிருள்ள பிளக்கில் எரிகிறதா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாதுதான்.

3. ஹோல்டர் என்ன வகை

நம் வீடுகளில் சாதாரணமாக இருப்பது பி22, இரண்டு பக்கமும் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும் பின் டைப். சாண்ட்லியரில் அது அபூர்வம். பெரும்பாலும் வருவது இ14, கடைக்காரர்கள் சின்ன ஸ்க்ரூ என்பார்கள். இந்த எண்கள் எல்லாமே மில்லிமீட்டர். இ14 என்றால் பல்பின் மரைப் பகுதி 14 மில்லிமீட்டர் அகலம். பெரிய ஸ்க்ரூ இ27 என்றால் 27.

இ12 என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் வழக்கத்தில் இருப்பது. அங்கிருந்து சொந்தக்காரர் அனுப்பிய, அல்லது அந்தச் சந்தைக்காகச் செய்த சாண்ட்லியரில் வரும். கண்ணால் பார்த்தால் இ14க்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. நான் முதல் செட்டில் ஏமாந்தது இங்கேதான். இன்னொரு ஆபத்தும் இதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது: அந்த ஊரில் 120 வோல்ட், நமக்கு 230. கூடவே அனுப்பிய பல்பை இங்கே மாட்டினால் அது அன்றே போய்விடும். இ12 அளவில் 220-240 வோல்ட் என்று அச்சிட்ட பல்புகளும் கிடைக்கின்றன; தேடி அதையே வாங்குங்கள்.

நவீன டிசைன்களில் மரையே இருக்காது. இரண்டு சின்னக் கொக்கி மாதிரி கம்பிகள் 9 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் ஜி9. ஊசி மாதிரி நேரான கம்பிகள் 4 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் ஜி4. ஜி9க்கு நேரடியாக 230 வோல்ட் வரும். ஜி4 பெரும்பாலும் 12 வோல்ட், அதற்குச் சாண்ட்லியரின் மேல் கிண்ணத்துக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஒளிந்திருக்கும். அது ஹாலஜன் பல்புக்காக வைத்ததாக இருந்தால் ஒரு குறைந்தபட்ச லோடை, அதாவது பல்புகள் இத்தனை வாட்ஸாவது இழுப்பதை, எதிர்பார்க்கும். எல்.இ.டி. இழுக்கும் சில வாட்ஸ் அதற்குப் போதாமல் மினுக்கும், அல்லது எரியவே எரியாது. பல்பு மேல் பழி போட வேண்டாம். எலக்ட்ரீசியனிடம் சொல்லி 12 வோல்ட் எல்.இ.டி. டிரைவராக மாற்றுங்கள்.

ஸ்கேலில் 12ஐயும் 14ஐயும் பிரித்துப் பார்ப்பது சிரமம். பழைய பல்பு ஒன்றைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள், கடைக்கு அதுவும் வர வேண்டும். கைகளில் உள்ள ஹோல்டரும் நடுவில் கீழ்நோக்கி இருக்கும் ஹோல்டரும் வேறு வகையாக இருக்கலாம், எல்லாவற்றையும் பாருங்கள்.

ஹோல்டர் மாற்றும் அடாப்டர் வேண்டாம். அது பல்பை மூன்று நான்கு சென்டிமீட்டர் வெளியே தள்ளும். பல்பு கண்ணாடிக் கிண்ணத்தைத் தாண்டி எட்டிப் பார்க்கும்.

4. பல்பு உட்கார எவ்வளவு இடம் இருக்கிறது

ஹோல்டரின் வாயிலிருந்து கிண்ணத்தின் விளிம்பு வரை உயரம், கிண்ணத்தின் உள் அகலம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்.இ.டி. கேண்டில் பல்பு அதே வடிவப் பழைய பல்பைவிடச் சற்று நீளமாக இருப்பது வழக்கம், ஏனென்றால் டிரைவர் அடிப்பாகத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெட்டியில் சி35 அல்லது பி35 என்று இருந்தால் 35 மில்லிமீட்டர் தடிமனான மெழுகுவர்த்தி வடிவம். ஜி45 என்றால் 45 மில்லிமீட்டர் உருண்டை. ஜி9 எல்.இ.டி. இன்னும் மோசம். பழைய ஹாலஜன் சுண்டுவிரல் பருமன், புதியது கட்டைவிரலைவிடத் தடிமனாக வந்து, படிகக் குடுவைக்குள் நுழையாமல் நிற்கும்.

பல்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் எழுதுங்கள். எல்.இ.டி.யைக் கொல்வது சூடு. அதிலும் முதலில் போவது எல்.இ.டி. அல்ல, டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர். பல்பு மேல்நோக்கி இருந்தால் அடிப்பாகம் கீழே, சூடு மேலே போய்விடும். கீழ்நோக்கித் தொங்கினால் சூடு நேராக டிரைவர் மேல் ஏறும். முழுக்க மூடிய கண்ணாடி உருண்டைக்குள் இருந்தால் போக வழியே இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு 3, 4 வாட்ஸுக்கு மேல் போகாதீர்கள். மூடிய விளக்குக்குப் பொருந்தும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஹோல்டரில் அதிகபட்சம் 40 வாட்ஸ் என்று ஒட்டியிருப்பது ஹோல்டரும் வயரும் தாங்கும் எல்லை. எல்.இ.டி. உண்மையில் இழுக்கும் வாட்ஸைத்தான் அதோடு ஒப்பிட வேண்டும். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ‘40 வாட்ஸுக்குச் சமம்’ என்பது வெளிச்சக் கணக்கு.

5. கீழே இறங்கி சுவிட்ச் போர்டைப் பாருங்கள்

பெரும்பாலானோர் தாண்டிப் போகும் படி இது. பாதிப் புகார்கள் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

டிம்மர் இருக்கிறதா? இருந்தால் டிம் ஆகும் என்று போட்ட பல்புதான் வேண்டும். சாதாரண எல்.இ.டி.யை டிம்மரில் போட்டால் மினுக்கும், வண்டு மாதிரி இரையும், சீக்கிரம் போய்விடும். டிம் ஆகும் பல்பு வாங்கியும் தொல்லை தீராமல் போகலாம். பழைய டிம்மர்கள் நூற்றுக்கணக்கான வாட்ஸ் இழுக்கும் குண்டு பல்புக்காகச் செய்யப்பட்டவை. எட்டு 40 வாட்ஸ் பல்பு 320 வாட்ஸ் இழுத்தது; எட்டு எல்.இ.டி. சேர்ந்து இழுப்பது 32. அந்த டிம்மருக்கு இது காலி லைன் மாதிரி. எல்.இ.டி.க்கு என்று தனியாக வாட்ஸ் அளவு அச்சிட்ட டிம்மராக மாற்றுவதுதான் தீர்வு. டிம்மரைப் பயன்படுத்துவதே இல்லை என்றால் அதை எடுத்துவிட்டு சாதா சுவிட்ச் போடுங்கள், பல்பு விலையும் குறையும். ஃபேன் ரெகுலேட்டரை டிம்மராகப் போட்ட வீடு ஒன்றையும் பார்த்தேன். வேண்டவே வேண்டாம்.

சுவிட்சில் சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறதா? அதன் வழியே கசிகிற துளி மின்சாரம் குண்டு பல்பை ஒன்றும் செய்யாது. எல்.இ.டி.யை மங்கலாக எரிய வைக்கும், அல்லது சில நொடிக்கு ஒரு தரம் மின்னல் மாதிரி வெட்டும். என் சித்தி வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு அணைத்த விளக்கு தானாக மின்னுகிறது என்று மந்திரித்த எலுமிச்சம்பழம் வரை போனது விஷயம். சுவிட்சை மாற்றியதும் நின்றது. அந்தச் சிவப்பு விளக்கு இல்லாமலும் இப்படி ஆனால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சாண்ட்லியர் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் அதையும் குறியுங்கள். மின்சாரத்தைச் சீரான அலையாக இல்லாமல் கட்டம் கட்டமாகத் தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சில பல்புகள் இரையும்.

6. எத்தனை லூமன்

வாட்ஸ் என்பது பல்பு தின்னும் மின்சாரம். வெளிச்சத்தின் அளவு லூமன். 4 வாட்ஸ் என்று போட்ட இரண்டு பல்பில் ஒன்று 300 லூமனும் இன்னொன்று 450 லூமனும் தரலாம். பழைய 25 வாட்ஸ் குண்டு பல்புக்கு ஏறக்குறைய 250 லூமன், 40 வாட்ஸுக்கு 400 முதல் 470, 60 வாட்ஸுக்கு 800.

ஹாலுக்குச் சாண்ட்லியர்தான் முக்கிய வெளிச்சம் என்றால் நான் சதுர அடிக்கு 15 முதல் 20 லூமன் என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன். 12க்கு 15 அடி ஹால் 180 சதுர அடி. 2,700 முதல் 3,600 லூமன் வேண்டும். எட்டு பல்பு என்றால் ஒன்றுக்கு 350 முதல் 450. அதாவது 4 வாட்ஸ் நல்ல பல்பு.

ஆனால் நம் வீடுகளில் சுவரில் ஒரு டியூப் லைட் எப்படியும் இருக்கும். படிப்பதும் வெங்காயம் நறுக்குவதும் அதன் கீழேதான் நடக்கிறது. அப்படியானால் சாண்ட்லியருக்கு மேலே சொன்னதில் பாதி போதும், 2 அல்லது 3 வாட்ஸ் வாங்குங்கள். ஒன்பதரை அடி உயரக் கூரையில் எட்டு 7 வாட்ஸ் பல்பைப் போட்டுவிட்டு, கண் கூசுகிறது என்று சாண்ட்லியரையே போடாமல் வைத்திருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும்.

மிச்சமும் இங்கேயே தெரிந்துவிடும். 320 வாட்ஸ் சாண்ட்லியர் நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் 60 நாளில் 96 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை அது ஒன்றே தின்றுவிடும். 32 வாட்ஸ் என்றால் பத்து யூனிட்கூட வராது. 4 வாட்ஸா 3 வாட்ஸா என்று அதற்கு மேல் கஞ்சத்தனம் பார்ப்பதில் பைசா பெயராது. வெளிச்சத்துக்காக முடிவு செய்யுங்கள்.

7. நிறம்

பெட்டியில் கெல்வின் என்ற எண் இருக்கும். 2700 பழைய குண்டு பல்பின் மஞ்சள், 3000 சற்றுத் தெளிந்த மஞ்சள், 4000 நடுத்தரம், 6500 டியூப் லைட் வெள்ளை. சாண்ட்லியருக்கு என் தேர்வு 2700 அல்லது 3000, அதிலும் பித்தளையோ தங்க முலாமோ என்றால் யோசிக்கவே வேண்டாம். 6500இல் பித்தளை தகரமாகத் தெரியும். குரோம், வெள்ளைப் படிகம் என்றால் 4000 எடுபடலாம். மழைக்காலத்தில் ஈசல் வருகிற வீடாக இருந்தால் மஞ்சளுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: பூச்சிகளை இழுப்பது நீலம் கலந்த வெள்ளை ஒளிதான்.

ஒரு சுவிட்சைத் தட்டித் தட்டி மூன்று நிறம் மாற்றும் பல்பு தனி விளக்குக்கு நன்று. எட்டு பல்பு ஒன்றாக இருக்கும் இடத்தில் ஒன்று தட்டலைத் தவறவிடும். பிறகு ஏழு மஞ்சள், ஒன்று வெள்ளை.

கெல்வினுக்கு அடுத்து சி.ஆர்.ஐ. பொருள்களின் நிறத்தை அந்த ஒளி எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு, உச்சம் 100. 80 என்பது சாதாரணம். ஹாலிலும் சாப்பாட்டு மேசைக்கு மேலும் 90 கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். மலிவான எல்.இ.டி. முதலில் கெடுப்பது சிவப்பை. அரக்குப் பட்டு பழுப்பாகத் தெரியும், முகத்தில் ரத்த ஓட்டமே இல்லாத மாதிரி இருக்கும், வீட்டு விசேஷப் போட்டோவில் குங்குமம் கறுத்துப் போயிருக்கும்.

8. தெளிந்த கண்ணாடியா, பால் கண்ணாடியா

படிகங்கள் தொங்கும் சாண்ட்லியர் என்றால் தெளிந்த கண்ணாடிக்குள் மெல்லிய கம்பி மாதிரி எல்.இ.டி. எரியும் ஃபிலமென்ட் வகை. படிகம் மின்னுவதற்கு ஒளி சின்னப் புள்ளியிலிருந்தோ கோட்டிலிருந்தோ வர வேண்டும். பால் கண்ணாடி ஒளியைப் பரப்பிவிடுவதால் படிகம் செத்துப்போகும். ஃபிலமென்ட் வகை எல்லாப் பக்கமும் ஒளிவிடும். பிளாஸ்டிக் அடிப்பாகம் கொண்ட கேண்டில் பல்பு பெரும்பாலும் மேல்நோக்கியே ஒளிவிட்டு, கீழே ஹோல்டரின் நிழலைத் தரையில் போடும்.

படிகம் இல்லாத, பல்பு கண்ணுக்கு நேரே தெரியும் சாண்ட்லியர் என்றால் பால் கண்ணாடி. இல்லாவிட்டால் சோபாவில் சாய்ந்தவர் கண்ணுக்குள் எட்டு கம்பிகள் எரியும்.

தேன் நிறக் கண்ணாடி அழகுதான். வெளிச்சத்தில் ஒரு பங்கைக் கண்ணாடியே குடித்துவிடும்.

9. இப்போது கடை: ஒன்றே ஒன்று

பழைய பல்பு, அளவுச் சீட்டு, இரண்டோடும் போங்கள். பெட்டியில் பார்க்க வேண்டியவை: 220-240 வோல்ட், லூமன், கெல்வின், தேவையென்றால் டிம் ஆகும் என்ற சொல், பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையோடு ஐ.எஸ். 16102 என்ற தர எண்ணும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண்ணும். அந்தப் பதிவெண்ணைக் கடையில் நின்றபடியே பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்துப் பார்க்கலாம். லூமன் எண்ணே போடாத பெட்டியை நான் கையில் எடுப்பதில்லை. மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதி என்றால் சர்ஜ் (மின்னழுத்தம் திடீரென எகிறுவது) தாங்கும் அளவு 2.5 அல்லது 4 கிலோவோல்ட் என்று போட்டிருப்பதை எடுங்கள்.

15,000 மணி நேரம், 25,000 மணி நேரம் என்ற எண்ணில் மயங்க வேண்டாம். நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் 15,000 என்பது எட்டு வருஷம். எல்.இ.டி. நிற்கலாம், உங்கள் மூடிய கிண்ணத்துச் சூட்டில் டிரைவர் நிற்குமா என்பது வேறு கேள்வி. எத்தனை வருஷம் மாற்றித் தருவார்கள் என்று கேளுங்கள், பில் வாங்குங்கள்.

“எட்டாக எடுத்தால் விலை குறையும் சார்” என்பார் கடைக்காரர். நியாயம்தான். இருந்தாலும் இன்று ஒன்று மட்டும்.

10. மூன்று ராத்திரி சோதனை

மாட்டி அரை மணி நேரம் எரியவிடுங்கள். செல்போனில் ஸ்லோ மோஷன் வைத்துப் பல்பைப் படம் பிடியுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மோசமான டிரைவர் நொடிக்கு 100 தரம் வெட்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் சிலருக்குத் தலைவலியும் வரும். சோதிக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள். சாண்ட்லியருக்குக் கீழே சுழலும் இறக்கையின் நிழலைப் பல்பின் மினுக்கம் என்று நினைத்து நல்ல பல்பைத் திருப்பிக் கொடுத்தவர் எங்கள் அடுக்ககத்திலேயே இருக்கிறார்.

ஃபேனும் டி.வி.யும் அடங்கிய ராத்திரியில் இரைச்சல் கேட்கிறதா, அணைத்த பின் மங்கலாக எரிகிறதா என்று பாருங்கள். ஒரு பட்டுப் புடவையைப் பகலில் ஜன்னல் அருகே பார்த்துவிட்டு இரவில் இதன் கீழே விரியுங்கள்.

டிம்மர் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஏழு பழைய பல்போடு ஒரு எல்.இ.டி.யைப் போட்டுச் சோதித்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஏனென்றால் டிம்மருக்குத் தேவையான லோடைப் பழைய பல்புகள் கொடுக்கின்றன. எட்டையும் மாற்றிய அன்று துடிக்கும். என் இரண்டாவது செட் கதை இதுதான். எனவே டிம்மர் இருந்தால் திருப்பித் தரலாம் என்று பேசி முழு செட்டையும் எடுத்து வந்து, அடி மட்டம் வரை குறைத்துப் பாருங்கள்.

11. மொத்தமாக வாங்கி மாட்டுவது

எட்டு வேண்டுமென்றால் பத்து வாங்குங்கள், ஒரே பிராண்ட், ஒரே பேட்ச் எண். 2700 என்று அச்சிட்ட இரண்டு பேட்ச்களுக்கு நடுவே லேசான நிற வித்தியாசம் வரும். தனியாகத் தெரியாது, பக்கத்தில் பக்கத்தில் எரிந்தால் தெரியும். இரண்டு வருஷம் கழித்து ஒன்று போனால் அதே மாடல் கடையில் இருக்காது.

மறுபடி எம்.சி.பி.யை இறக்கிவிட்டு ஏறுங்கள். கண்ணாடியைத் துணியால் பிடித்து, ஹோல்டரில் தட்டி நிற்கும் வரை திருகுங்கள், அதற்கு மேல் கால் சுற்றுகூட வேண்டாம். இறுக்கி முடுக்கினால் நடு நாக்கு படுத்துவிடும், அடுத்த பல்புக்குத் தொடர்பு கிடைக்காது. ஏறின கையோடு படிகத்தையும் துடைத்துவிடுங்கள். தூசி படிந்த படிகத்தின் கீழே நல்ல பல்பும் மங்கல்தான்.

மீதி இரண்டு பல்பையும் அவற்றின் பெட்டியிலேயே வைத்து, பில்லின் ஜெராக்ஸைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். கடை பில் மை ஒரு வருஷத்தில் மறைந்துவிடும். மாட்டிய தேதியைப் பெட்டி மேல் எழுதி, சமையலறை அலமாரியில் அல்ல, எம்.சி.பி. பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள்; ஒன்று போகிற அன்று முதலில் கை நீளும் இடம் அதுதான்.